மாயாவியின் கை மட்டும் ஏன் மறையவில்லை?

பிள்ளைகளே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய தகரப் பெட்டி ஏதாவது இருக்கிறதா? இருந்தால், தாத்தாவிடம் அனுமதி கேட்டுத் திறந்து பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை, ரேஷன் கார்டு, கறுப்பு வெள்ளை போட்டோ எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பு ஏறிய சின்னப் புத்தகம் ஒன்று கிடைக்கலாம். அட்டையில் ஒரு கார் மலையிலிருந்து உருண்டு கொண்டிருக்கும். ஒருவர் துப்பாக்கியோடு பாய்ந்து வருவார். உள்ளே பக்கம் பக்கமாகப் படங்கள். படத்தில் இருப்பவர்கள் பேசுவதெல்லாம், அவர்கள் தலைக்கு மேல் பலூன் போல மிதக்கும். அதுதான் காமிக்ஸ். நாங்கள் 'படக்கதை' என்றும் சொல்வோம்.

என் வீட்டுப் பரணில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. போன விடுமுறையில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதைத் திறந்து விட்டாள். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. பிறகு, கையில் ஒரு புத்தகத்தோடு ஓடி வந்தாள்.

''தாத்தா... இவருக்கு உடம்பு பூரா மறைஞ்சு போச்சு. சட்டை, பேன்ட், ஷூ கூட மறைஞ்சு போச்சு. இரும்புக் கை மட்டும் ஏன் தெரியுது?'' என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! இதே கேள்வியை, பன்னிரண்டு வயதில் நானும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு, ஆசிரியர் ஆனதும் வகுப்பில் என் மாணவர்களிடம் கேட்டேன். ஒரே ஒரு பையன் பதில் சொன்னான். அது என்ன பதில் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். முதலில், அந்த இரும்புக் கைக்காரரைப் பற்றித் தெரிந்து கொள்ளுங்கள்.

லண்டனிலிருந்து சிவகாசிக்கு...

சிவகாசி என்றதும் உங்களுக்குப் பட்டாசு ஞாபகம் வரும். அங்கே அச்சகங்களும் அதிகம். தீப்பெட்டிக்கும், பட்டாசுப் பெட்டிக்கும் லேபிள் வேண்டும் அல்லவா? அதை அச்சடிக்க வந்த மிஷின்கள், பிறகு காலண்டர், டைரி, நோட்டு அட்டை என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தள்ளின. அந்த ஊரிலிருந்துதான், 1972-ம் ஆண்டு ஜனவரியில், 'முத்து காமிக்ஸ்' வெளிவரத் தொடங்கியது. தொடங்கியவர், சௌந்திரபாண்டியன். முதல் இதழின் பெயர், 'இரும்புக்கை மாயாவி!'

மாயாவி நம் ஊர்க்காரர் இல்லை. அவர் பிறந்தது இங்கிலாந்தில். 'வேலியன்ட்' என்ற சிறுவர் வாரப் பத்திரிகையில், 1962-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதன்முதலில் தலைகாட்டினார். அவரை வரைந்தவர் ஆங்கிலேயர் கூட இல்லை; ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஒரு ஸ்பெயின்காரர் வரைந்து, லண்டனில் வெளியாகி, பத்து வருடம் கழித்து சிவகாசியில் தமிழ் பேசினார் மாயாவி. அந்தக் காலத்தில் கப்பல் ஏறாமலே உலகம் சுற்றியவர் அவர்தான்.

கதையில் அவர் பெயர், லூயிஸ் கிராண்டேல். ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர். விபத்தில் வலது கையை இழந்து, இரும்புக் கை பொருத்திக் கொண்டவர். அந்தக் கையில் மின்சாரம் பாய்ந்தால் போதும்... உடம்பு மறைந்து விடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கதவைத் திறக்கும், துப்பாக்கியைப் பிடுங்கும், எதிரியின் கழுத்தைப் பிடிக்கும்.

இன்னொரு வேடிக்கை தெரியுமா? முதல் கதையில் மாயாவி நல்லவர் இல்லை! மறையும் சக்தி கிடைத்ததும், அவர் புத்தி தடம் மாறி, குற்றங்களில் இறங்கி விடுகிறார். பிறகுதான் மனம் மாறி, 'நிழல் படை' என்ற ரகசியப் படையில் சேர்ந்து, கெட்டவர்களைப் பிடிக்கிறார். எங்களுக்கு அவர் நல்லவரான பிறகுதான் ரொம்பப் பிடித்தது என்று சொன்னால், அது பொய். அந்த முதல் கதைதான் எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் பாய்ந்தால் மறைவது கதையில் மட்டும்தான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் விரலை வைத்தால், மறைய மாட்டோம், செத்துப் போவோம். விளையாட்டுக்குக் கூட பிளக் பாயின்ட் பக்கம் போகக்கூடாது.

நான் அந்தத் தப்பைச் செய்ய முடியவில்லை. காரணம், 1972-ல் எங்கள் வீட்டில் மின்சாரமே கிடையாது. அரிக்கேன் விளக்குதான். ஆனாலும் ஆசை விடுமா? அப்பாவின் டார்ச் லைட்டிலிருந்து இரண்டு பேட்டரிகளை உருவி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக் கொண்டு, கண்ணை மூடினேன். ''டேய், நான் தெரியிறேனாடா?'' என்று தம்பியிடம் கேட்டேன்.

''நீயும் தெரியிறே... பின்னாடி அப்பா வர்றதும் தெரியுது,'' என்றான்.

இரண்டு பக்கத்துக்கு ஓர் ஆபத்து

பழைய காமிக்ஸ் படித்தால், ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படும். கதாநாயகருக்கு ஓயாமல் ஆபத்து வந்து கொண்டே இருக்கும். இப்போதுதான் மலையிலிருந்து விழுந்து தப்பினார். அதற்குள் முதலை வந்து விடும். முதலையிடமிருந்து தப்பினால், குண்டு வெடிக்கும். மனிதருக்கு உட்கார்ந்து ஒரு டீ குடிக்க நேரம் கிடைக்காது.

ஏன் அப்படி? அந்தக் கதைகளில் பல, வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. வாரத்துக்கு இரண்டு, மூன்று பக்கம்தான். அடுத்த வாரமும் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், கடைசிப் படத்தில் கதாநாயகர் ஆபத்தில் தொங்க வேண்டும். அந்த வாரங்களை எல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாகத் தைத்தால் என்ன ஆகும்? இரண்டு, மூன்று பக்கத்துக்கு ஒருமுறை ஆபத்து! லண்டன் பையன் மாதக்கணக்கில் பயந்ததை, நாங்கள் ஒரே மத்தியானத்தில் பயந்து முடித்தோம்.

டுமீல்... டமால்... பணால்!

படத்தை அப்படியே வைத்துக் கொண்டு, பேச்சை மட்டும் தமிழில் மாற்றுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? ஆங்கிலத்துக்காக வரைந்த பலூன் அது. அந்த அளவுக்குள் தமிழ் வார்த்தைகளை அடக்க வேண்டும். நம் சொற்கள் நீளம் அதிகம். ஆங்கிலத்தில் 'நோ' என்று வாயைத் திறந்து மூடினால் முடிந்தது. தமிழில், 'முடியாது' என்று சொல்வதற்குள் பலூன் பாதி நிரம்பி விடும். அதனால் பேச்சைச் சுருக்கி, சுருக்கி, கடைசியில் காமிக்ஸ்காரர்களுக்கு என்றே ஒரு தமிழ் உண்டாகி விட்டது. ''ஹா... மாட்டிக் கொண்டாயா!'', ''இதோ வாங்கிக் கொள்!'', ''அடக் கடவுளே, இது பொறி!'' வீட்டில் யாராவது இப்படிப் பேசுவார்களா? நாங்கள் பேசினோம். வீட்டில் எனக்கு அடி விழும்போது கூட, ''ஹா... பொறியில் சிக்கினேன்!'' என்று கத்தி, அதற்காக இன்னும் இரண்டு வாங்கியிருக்கிறேன்.

அதைவிடச் சுவை, சத்தங்கள். புத்தகத்தில் சத்தம் கேட்காது அல்லவா? அதனால் எழுத்திலேயே சத்தம் போட்டார்கள். தமிழ்ப் படக்கதையில் துப்பாக்கி, 'டுமீல்' என்றுதான் சுடும். வெடிகுண்டு, 'டமால்!' கீழே விழுந்தால், 'தடால்!' முகத்தில் குத்து விழுந்தால், 'கும்!' அல்லது 'பணால்!' கார் பிரேக் போட்டால், 'க்ரீ...ச்!' கத்தி பறந்தால், 'விர்ர்ர்!'

ஐந்தாம் வகுப்புக்கு நான் இரட்டைக்கிளவி நடத்தும்போது, சலசல, படபட என்று எத்தனை முறை சொன்னாலும், பிள்ளைகள் தூங்கி விழுவார்கள். ''சரி... உங்களுக்குத் தெரிந்த சத்தம் ஒன்று சொல்லுங்கள்'' என்பேன். 'டுமீல்' என்று ஒருவன் ஆரம்பிப்பான். அவ்வளவுதான், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்க்கும் வரை, குண்டு வெடித்துக் கொண்டே இருக்கும். 'டுமீல்' இரட்டைக்கிளவி இல்லை. 'டுமீல் டுமீல்' என்றாலும் இல்லை. பிரித்தால் பொருள் தருகிறதே! இதைப் புரிய வைத்து விட்டால், இலக்கணம் பாதி முடிந்தது.

இரண்டு மாயாவிகள்

1984-ம் ஆண்டு, காமிக்ஸ் படிக்கிறவர்களுக்குத் தீபாவளி ஆண்டு. சிவகாசியிலிருந்து 'லயன் காமிக்ஸ்' வந்தது. அதை நடத்தியவர், சௌந்திரபாண்டியனின் மகன் எஸ்.விஜயன். அதே ஆண்டு, 'ராணி காமிக்ஸ்' மாதம் இருமுறை வரத் தொடங்கி, 2005 வரை வந்தது.

அந்த ஆண்டுகளில் நான் ஆசிரியராக இருந்தேன். மதிய இடைவேளையில், இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக் கொண்டு நின்றார்கள். ''மாயாவி மறையிறவர் சார்'' என்றான் ஒருவன். ''இல்ல சார், மாயாவி முகமூடி போட்டுக் குதிரையில வர்றவர்'' என்றான் மற்றவன். விசாரித்துப் பார்த்தால், இருவர் சொல்வதும் சரி! முத்து காமிக்ஸ் மாயாவி, இரும்புக் கைக்காரர். ராணி காமிக்ஸில், முகமூடி வீரர் மாயாவி என்று வந்தவர், ஆங்கிலத்தில் 'பேன்டம்.' அதே பேன்டமை முத்து காமிக்ஸ்காரர்கள், 'வேதாளர்' என்றார்கள். ஒரு பெயருக்கு இரண்டு ஆள். ஓர் ஆளுக்கு இரண்டு பெயர். சண்டை வராமல் என்ன செய்யும்?

பேன்டமைப் படைத்தவர், அமெரிக்கர் லீ பாக். 1936-ம் ஆண்டு பிப்ரவரி 17-ல் செய்தித்தாளில் தொடங்கிய கதை அது. முகமூடிக்குள் அவருக்குக் கருவிழியே தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? வெறும் வெள்ளைதான். பழங்கால கிரேக்கச் சிலைகளின் கண்களைப் பார்த்து வந்த யோசனை அது. அவர் உடையின் நிறத்தில்தான் பெரிய குழப்பம். லீ பாக் மனதில் நினைத்தது, சாம்பல் நிறம். கறுப்பு வெள்ளையில் வந்தவரை பிரச்னை இல்லை. 1939-ல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது, அச்சில் ஊதாவாக வந்து விட்டது. பிறகு என்ன செய்வது? ஊதாவே நிலைத்து விட்டது. இத்தாலியிலும், பிரேசிலிலும் அவர் சிவப்பு உடையில் வந்தார். ஸ்வீடனில் நீலம். பச்சைக் காட்டுக்குள் சிவப்பு உடையோடு ஒளிந்து நின்றால் எதிரிக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நின்று விடும்.

உங்களுக்குத் தெரிந்த 'ஹல்க்' கூட, 1962-ல் வந்த முதல் இதழில் பச்சை இல்லை. சாம்பல் நிறம். அச்சில் அந்த நிறம் ஒரு பக்கம் வெளுத்தும், ஒரு பக்கம் கறுத்தும் வந்ததால், இரண்டாவது இதழில் பச்சையாக்கி விட்டார்கள். அச்சகத்தில் மை ஒழுங்காக விழுந்திருந்தால், பச்சை ஹல்க் பிறந்தே இருக்க மாட்டார்!

பூதக்கண்ணாடி எடுங்கள்!

நிறம் என்றதும், ஒரு சின்னச் சோதனை. ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, நாளிதழில் வந்த வண்ணப் படம் ஒன்றை உற்றுப் பாருங்கள். என்ன தெரிகிறது? புள்ளிகள்! நீலம், சிவப்பு போன்ற ஒரு நிறம், மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகள். அவற்றைப் புள்ளி புள்ளியாக வைத்தே அத்தனை நிறத்தையும் காட்டுகிறார்கள். மஞ்சள் புள்ளியும், நீலப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நம் கண் அதைப் பச்சை என்று சொல்லி ஏமாந்து விடும்.

பழைய அமெரிக்க காமிக்ஸில் இந்தப் புள்ளிகள் பெரிது. கண்ணாடி இல்லாமலே தெரியும். ஒவ்வொரு மையையும் தனித்தனியாக அச்சடிக்க வேண்டும். காகிதம் ஒரு நூலிழை நகர்ந்தால் போதும்; கதாநாயகியின் உதட்டுச் சிவப்பு, கன்னத்துக்குப் போய் விடும். கட்டம் போட்ட சட்டையின் நிறம், சட்டையை விட்டு வெளியே நிற்கும். இதை எல்லாம் குறை என்று சொல்வார்கள். எனக்கோ அந்தக் காலத்தில், நிறம் தள்ளிப்போன பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. நம் ஊரில் வந்த பல புத்தகங்களுக்கு அந்தப் பிரச்னையே இல்லை. அட்டைதான் வண்ணம், உள்ளே கறுப்பு வெள்ளை. நிறத்தை எல்லாம் நாங்களே பென்சிலால் தீட்டிக் கொண்டோம். கெட்டவர்களுக்கு எப்போதும் பச்சை. என் தம்பியிடம் பச்சைப் பென்சில்தான் இருந்தது, அதுதான் காரணம்.

வேதாளம் சொன்ன கதை

பலூன் இல்லாத படக்கதைகளும் உண்டு. 'அம்புலிமாமா' அப்படித்தான். 1947-ல் சென்னையில் தொடங்கியது. சினிமா எடுத்த நாகிரெட்டியும், சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை. பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது. 2010-களில் அச்சில் வருவது நின்று போனது.

அம்புலிமாமா என்றாலே, விக்கிரமாதித்தன் படம்தான். கையில் உருவிய வாள். தோளில் தொங்கும் பிணம். சுற்றிலும் மண்டை ஓடுகள். அந்தப் படத்தை வரைந்தவர், ஓவியர் சங்கர். முழுப் பெயர், கே.சி.சிவசங்கரன். தாராபுரம் அருகே காரத்தொழுவு கிராமத்தில், 1924-ல் பிறந்தவர். 2020-ல், 96 வயதில் காலமானார். மறு ஆண்டு, அவருக்கு 'பத்மஸ்ரீ' விருது அறிவிக்கப்பட்டது. அம்புலிமாமாவுக்காக அவர் வரைந்தது ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இல்லை, பல பத்தாண்டுகள்!

வேதாளக் கதையில் ஒரு ரகசியம் சொல்லட்டுமா? பழைய நூலில், வேதாளம் சொன்ன கதைகள் மொத்தம் இருபத்தைந்துதான். ஆனால், அம்புலிமாமாவில் வேதாளம் மாதா மாதம் கதை சொல்லிக் கொண்டே இருந்தது. இருபத்தைந்து தீர்ந்ததும், ஆசிரியர் குழுவே புதிய கதைகளைக் கட்டி, வேதாளத்தின் வாயில் போட்டு விட்டது. பாவம், விக்கிரமாதித்தன். மாதம் தவறாமல் மரம் ஏற வேண்டியதாகி விட்டது.

வேறு சிலரையும் சொல்லாமல் விட முடியாது. 'கோகுலம்', 'பூந்தளிர்' இதழ்களில் பிள்ளைகளுக்காக எழுதிய வாண்டுமாமா. சதுரங்கக் காயான யானையின் வடிவில் செய்த கால எந்திரத்தில் ஏறி, காலம் காலமாகச் சுற்றும் இரும்பு மனிதன் ஆர்ச்சி. (அந்தக் காயை ஆங்கிலத்தில் 'கோட்டை' என்பார்கள். அதனால் எந்திரமும் கோட்டை மாதிரியே இருக்கும். நாங்கள் யானையைத் தேடி ஏமாந்தோம்!) அப்புறம், 'ஸ்பைடர்.' சிலந்தி மனிதன் இல்லை, இவர் வேறு. கூர்மையான காதும், வலை வீசும் துப்பாக்கியும் வைத்துக் கொண்டு, குற்றவாளிகளுக்கே சக்கரவர்த்தி ஆகப் போவதாகக் கிளம்பியவர். அவருடைய கதைகளில் பலவற்றை எழுதியவர், ஜெர்ரி சீகல். யார் அவர்? 'சூப்பர்மேன்' பிறந்ததே அவரும், அவர் நண்பர் ஜோ ஷஸ்டரும் சேர்ந்து யோசித்ததால்தான். இந்த விவரம் எதுவும் தெரியாமலே, சாத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் அவரைப் படித்துக் கொண்டிருந்தார்கள்.

பழுப்புக் காகிதம்

பழைய புத்தகத்தை முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? தனி வாசனை வரும். விலை குறைந்த காகிதத்தை மரக்கூழில் செய்வார்கள். மரத்தில், 'லிக்னின்' என்ற பொருள் இருக்கிறது. மரம் விறைப்பாக நிற்க உதவுவது அதுதான். வெயிலும், காற்றும் பட்டால், அது மாறி, காகிதம் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம் போல நொறுங்கி விடும். வாசனைக்கும் அந்த மாற்றம் ஒரு காரணம்.

பரணில் புத்தகம் கிடைத்தால், வெயிலில் காய வைக்காதீர்கள். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப்பே பழுப்பாகி, எழுத்தையும் சேர்த்துப் பிடுங்கி விடும். பின் துருப்பிடித்திருந்தால், பெரியவர்களை விட்டு மெதுவாகக் கழற்றச் சொல்லி, நூலால் தைத்து விடுங்கள். படிப்பதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். முறுக்கு தின்று கொண்டு படிக்கலாமா என்று என் பேத்தி கேட்டாள். நான் அந்தக் காலத்தில் தின்று கொண்டுதான் படித்தேன். அதன் எண்ணெய்க் கறை இன்னும் முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை அழிந்து விட்டன. படித்ததும் எடைக்குப் போட்டார்கள். கடலை மடித்தார்கள். பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்ற சென்னை மூர் மார்க்கெட், 1985-ல் தீப்பிடித்து எரிந்தபோது, எத்தனை புத்தகங்கள் சாம்பலாயினவோ! ஆனால், நான் ஒரு புத்தகத்தை என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். அதைச் சொல்லி விடுகிறேன்.

கிழிந்து போன கடைசித் தாள்

1987 என்று நினைவு. ஐந்தாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன். பாடப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், ஒரு வரிக்கு ஒன்பது இடத்தில் தடுக்குவான். ஒருநாள், சமூக அறிவியல் புத்தகத்துக்குள் எதையோ வைத்து, ஆழ்ந்து பார்த்துக் கொண்டிருந்தான். போய்ப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. 'சர்ர்ர்' என்று சத்தம். கடைசித் தாள் கிழிந்து விட்டது. கோபத்தில் அதைக் கசக்கி ஜன்னல் வழியே எறிந்து விட்டு, புத்தகத்தைப் பீரோவில் போட்டுப் பூட்டினேன். ஒரு மாயாவி கதை.

சாயங்காலம் பீரோ பக்கமே நின்றான். ''சார்... கடைக்காரர் புத்தகம் சார்'' என்றான். வாடகைக்கு எடுத்தது. ''நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா'' என்று சொல்லி அனுப்பி விட்டேன்.

நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள், அவன் அம்மா வந்தார். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர். விரல் நுனியில் பசை காய்ந்திருந்தது. ''அவங்க அப்பா வெளியூர்ல சார். கடைக்காரர் கேட்ட அபராதத்தை நான் குடுத்துட்டேன். பையனைச் சேத்துக்கங்க'' என்றார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்கிக் கொள்ளவில்லை. கடைக்காரரிடம் புத்தகத்தைக் கொண்டு போனேன். ''முடிவு இல்லாத புத்தகம் எனக்கு எதுக்கு சார்? பையனுக்கே குடுங்க'' என்றார். வெளியே தேடிப் பார்த்தேன். தாள் கிடைக்கவில்லை.

மறுநாள், வகுப்பில் அவனிடம் புத்தகத்தைக் கொடுத்து, ''நீயே படி'' என்றேன். படித்தான்! ஒரு தடுக்கல் இல்லை. மாயாவிக்கு ஒரு குரல், எதிரிக்கு ஒரு குரல். டுமீல், டமால் எல்லாம் போட்டு. நான் நாற்காலியில் உட்கார்ந்து விட்டேன். இந்தப் பையனுக்குப் படிக்க வராது என்று மார்க் ஷீட்டில் எழுதியவன் நான்தான்.

கதை முடியும் இடத்தில் தாள் இல்லை. ''அப்புறம் என்னடா?'' என்று வகுப்பே கத்தியது. ஒரு நிமிடம் யோசித்தான். ''மாயாவி நம்ம ஊர் டிரான்ஸ்பார்மர்ல கையை வைக்கிறாரு. மறைஞ்சு போறாரு. நேரா அடகுக் கடைக்குள்ள போயி, எல்லா நகையையும் எடுத்து, அவங்கவங்க வீட்டு வாசல்ல வைக்கிறாரு. எங்கம்மா தோடும் வருது'' என்றான்.

அதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை படக்கதைக்கு என்று ஆகி விட்டது. தலைமை ஆசிரியர் இரண்டு முறை முறைத்தார். மூன்றாம் முறை அவரும் வந்து உட்கார்ந்து கொண்டார். அந்தக் கதைக்கு மட்டும், அந்த ஆண்டு முழுக்க ஒவ்வொரு முறையும் புதிய முடிவு சொன்னான் அவன். மாயாவியின் கை ஏன் மறையவில்லை என்று நான் கேட்டதற்கு, பட்டென்று பதில் சொன்னவனும் அவன்தான். ''கையும் மறைஞ்சுட்டா, படம் போடுறவர் எதைச் சார் வரைவாரு?''

என் பேத்திக்கு நான் சொன்ன பதிலும் அதுதான். ஒப்புக் கொண்டாள்.

2022-ல் முத்து காமிக்ஸுக்குப் பொன்விழா ஆண்டு. அந்தச் சமயத்தில், ஒரு பழைய புத்தகக் கடையில் அதே இதழ் எனக்குக் கிடைத்தது. கடைசித் தாளோடு! பேருந்திலேயே படித்து முடித்தேன். சில மாதம் கழித்து, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என் கையைப் பிடித்தார். தலை நரைத்திருந்தது; நகக்கண்ணில் மை. ஆப்செட் அச்சகத்தில் மிஷின்மேனாம். குரலைக் கேட்டதும் கண்டுபிடித்து விட்டேன்.

''அந்தப் புத்தகம் முழுசாக் கிடைச்சிருக்குடா. வீட்டுக்கு வா, தர்றேன்'' என்றேன்.

''நீங்க படிச்சுட்டீங்களா சார்?''

''படிச்சேன்.''

''நான் சொன்ன முடிவுல எது சார் அதுல இருக்கு?''

''ஒண்ணுமே இல்லைடா.''

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சிரித்துக் கொண்டே சொன்னான்:

''அப்ப, புத்தகத்துலதான் சார் தப்பு!''